முக்கால் மணி நேரத்தில் மலை உச்சி... உடம்பு தாங்குமா?

கம்மாபுரம் பக்கம் மேடு என்று சொல்ல ஏரிக்கரைதான்! கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத பூமி. இங்கேயிருந்து ‘லடாக் டூர்’ கிளம்புகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி... “ஸ்ரீநகரிலிருந்து லே எவ்வளவு தூரம், பிளேனில் எவ்வளவு நேரம்?”

நேர்கோட்டில் சுமார் 255 கிலோ மீட்டர். பறப்பது முக்கால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ரோட்டில் என்றால் 420 கி.மீ.; கார்கிலில் ராத்தங்கி இரண்டு நாள். ‘பிளேனே தேவலை’ என்றுதான் தோன்றும். உடம்பு போடும் கணக்கு வேறு!

ஸ்ரீநகர் விமான நிலையம் சுமார் 5,400 அடி உயரத்தில். லே 10,682 அடியில். அங்கேயும் காற்றில் 21 சதவிகிதம் ஆக்ஸிஜன்தான். ஆனால், காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சுக்கு மூச்சு ஆக்ஸிஜன் குறைவு. இதில் ஒரு வேடிக்கை: பறக்கும்போது விமானத்துக்குள் 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். மற்ற ஊர்களில் இறங்கினால் காற்று அடர்த்தியாகும். லேயில் இறங்கினால் இன்னும் மெலிந்துபோகும்!

ஸ்ரீநகரிலிருந்து பறந்து லேயில் முதன்முதலில் விமானம் இறங்கியது 1948 மே மாதம். மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா அது. ஜெனரல் திம்மையாவும் கூட இருந்தார். ஓடுபாதை அமைத்த இன்ஜினீயர் சோனம் நோர்பு. லேயில் இப்போது நோயாளிகள் போகிற அரசு மருத்துவமனைக்கும் அவர் பெயர்தான்.

1962-க்குப் பிறகு ஜவான்கள் ஏராளமாக மலைக்கு அனுப்பப்பட்டார்கள். உயரத்தால் நோய்வாய்ப்பட்ட 1,925 பேரைப் பற்றி இந்தர் சிங் குழுவினர் 1969-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பயில்வான் உடம்புக்கும் விலக்கு இல்லை. ‘நான் தினம் வாக்கிங் போறேன் சார்’ என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இறங்கியதும் ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. ‘கேஸ் டிரபிள்’ என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள். முதல் இரண்டு நாள் லேயிலேயே ஓய்வு. மறுநாளே 17,000 அடிக்கு மேலுள்ள கர்துங்லாவுக்குக் கிளம்பக் கூடாது. மது, தூக்க மாத்திரை வேண்டாம். முன்கூட்டியே சாப்பிட அசிட்டசோலமைடு மாத்திரை உண்டு. டாக்டர் சொன்னால் மட்டும். சல்ஃபா அலர்ஜி இருந்தால் அவரிடம் அவசியம் சொல்லுங்கள். இதய நோய், நுரையீரல் கோளாறு, ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள்... டிக்கெட் எடுக்கும் முன்பே ஆலோசனை கேளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? இருமலில் நுரை வருகிறதா? நடை தள்ளாடி, பேச்சு குழறுகிறதா? நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆக்ஸிஜன், ஆஸ்பத்திரி, சீக்கிரமே கீழே இறங்குவது... இதுதான் வைத்தியம்.

வயதான அப்பா, அம்மாவைக் கூட்டிப்போகிறீர்களா? டாக்டர் சரி சொன்னால், கோடையில் போகும்போது ரோடு, திரும்பும்போது பிளேன் என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் 13,000 அடிக் கணவாய் ஒன்று வந்தாலும் அது கொஞ்ச நேரம்தான். ராத்திரி தூங்குவது கார்கிலில், 8,800 அடியில்.