அமெரிக்கன் கோதிக் ஓவியத்துக்கான வீட்டு வரைவு

அமெரிக்கன் கோதிக் ஓவியத்துக்கான வீட்டு வரைவு என்பது அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட் (1891–1942) 1930 ஆகஸ்டில் அயோவா மாநிலத்தின் எல்டன் என்னும் சிற்றூரில் காகித அட்டையில் எண்ணெய் வண்ணம் கொண்டு தீட்டிய சிறிய முன்வரைவு ஆகும். இது இப்போது வாசிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இதிலிருந்து உருவான முழு ஓவியம் சிக்காகோ கலைக் கழகத்தில் உள்ளது.

அமெரிக்கன் கோதிக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கையில் மூன்று பல் கவையுடன் நிற்கும் முதியவரும் அவர் அருகில் நிற்கும் பெண்ணும்தான். வரைவில் அவர்கள் இருவருமே இல்லை. வீடு மட்டுமே இருக்கிறது. புகழ்பெற்ற அந்த முகங்கள் வீட்டுக்குப் பின்னர் வந்து சேர்ந்தவை என்பதை இந்தச் சிறு அட்டை காட்டுகிறது.

வீடு

எல்டனில் இன்றும் நிற்கும் அந்த வீடு, முதல் உரிமையாளரின் பெயரால் டிபிள் வீடு எனப்படுகிறது. 1881–82இல் கட்டப்பட்டது. வெள்ளைப் பலகைகளாலான எளிய மரவீடு; பலகைகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டு, இடுக்குகள் மெல்லிய சட்டங்களால் மூடப்பட்டுள்ளன. மாடியில், கூரையின் இரு சரிவுகளும் கூடும் முக்கோண முகப்பில், கூர்வளைவுச் சாளரம் ஒன்று உண்டு.

இந்தப் பாணிக்குத் தச்சர் கோதிக் என்று பெயர். ஐரோப்பாவின் இடைக்காலப் பேராலயங்களில் கூர்வளைவுக்கு ஒரு வேலை இருந்தது: மேலிருந்து இறங்கும் கல்லின் பாரத்தை அது பக்கங்களுக்குத் திருப்பியது. அமெரிக்கத் தச்சர்கள் அந்த வடிவத்தை மரத்தில் அறுத்துச் சிறு வீடுகளில் பொருத்தியபோது தாங்குவதற்குப் பாரம் எதுவும் இல்லை. வளைவு வெறும் அலங்காரமாயிற்று. ஆண்ட்ரூ சாக்சன் டவுனிங் 1850இல் வெளியிட்ட நாட்டுப்புற வீடுகள் பற்றிய நூல் போன்ற மாதிரி நூல்களும் இயந்திர ரம்பமும் இப்பாணியை ஊர் ஊராகக் கொண்டு சென்றன.

வரைந்த விதம்

எல்டனுக்கு வந்திருந்த வுட்டை உள்ளூர் இளம் ஓவியர் சான் சார்ப் வண்டியில் சுற்றிக் காட்டினார். வழியில் இந்த வீடு கண்ணில் பட்டது. வுட்டின் முதல் வாழ்க்கை வரலாற்றாசிரியர் டாரல் கார்வுட் தரும் செய்தியின்படி, அவர் கையிலிருந்த தபால் உறையின் பின்புறத்தில் அதை உடனே குறித்துக்கொண்டார். இத்தனை மெலிந்த மரவீட்டுக்கு இப்படியொரு பேராலயச் சாளரமா என்ற வியப்பும் சிரிப்பும் அவருக்கு இருந்தன. மறுநாள், குடியிருந்த குடும்பத்திடம் அனுமதி பெற்று, முன்முற்றத்தில் இருந்தபடி அட்டையில் வண்ண வரைவைத் தீட்டினார்.

நேரில் பார்த்துத் தீட்டியது என்பதால் உள்ளதை உள்ளபடியே காட்டுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. வரைவில் கூரை உண்மையைவிடச் செங்குத்தாக ஏறுகிறது; சாளரம் நீண்டு, அதன் கூர்மையும் கூடியிருக்கிறது. இந்த மாற்றங்கள் அப்படியே முழு ஓவியத்துக்கும் சென்றன. வீட்டின் எதிரில் நிற்கும்போதே வுட் அதைத் திருத்தத் தொடங்கிவிட்டார் என்பதே இவ்வரைவிலிருந்து அறியக்கூடிய முக்கியமான செய்தி. 1928இல் சீடர் ராப்பிட்சு நகரின் நினைவுக் கட்டடத்துக்கான வண்ணக் கண்ணாடிச் சாளர வேலைக்காக மியூனிக் சென்று, வட ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியங்களை நெருங்கிப் பார்த்தவர் அவர். அந்தக் கண்கள் எல்டனின் சாளரத்தில் நின்றுவிட்டதில் வியப்பில்லை.

மனிதர்கள் வந்தது

இந்த வீட்டில் எத்தகையவர்கள் வாழ்வார்கள் என்று கற்பனை செய்தே வுட் மனிதர்களைச் சேர்த்தார். தங்கை நான் வுட் கிரகாமும் பல் மருத்துவர் பைரன் மெக்கீபியும் மாதிரிகளாக இருந்தனர். இருவரும் சேர்ந்து நின்றதில்லை. அந்த வீட்டின் முன் நின்றதும் இல்லை. முகங்களும் சாளரத்தைப் போலவே நீட்டப்பட்டன. தொடக்கப் பென்சில் வரைவு ஒன்றில் அந்த மனிதர் கையில் இருப்பது சருகு வாரும் வாரி. ஓவியத்தில் அது கவையாகி, அதன் மூன்று கோடுகள் மேலாடைத் தையலிலும் சாளரச் சட்டங்களிலும் திரும்ப வருகின்றன.

1930இல் சிக்காகோ கண்காட்சியில் ஓவியத்துக்கு வெண்கலப் பதக்கமும் 300 டாலரும் கிடைத்தன. செய்தித்தாளில் படம் வந்ததும் அயோவா வேளாண் குடும்பங்கள் பல, தங்களைக் கேலி செய்வதாகக் கொதித்தன. வுட் அதை மறுத்தார். வரைவைப் பார்க்கும்போது இரு தரப்பிலும் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது: கேலி இருந்தது, ஆனால் அது முதலில் பட்டது சாளரத்தின் மேல். வெறும் கேலிக்காக ஒருவர் மறுநாளும் வந்து, அனுமதி கேட்டு, கூரையை மேலும் உயர்த்தித் தீட்டியிருக்க மாட்டார்.

ஓவியத்தை முடிக்க வீட்டின் ஒளிப்படம் ஒன்றைக் கேட்டுப் பெற விரும்பிய வுட், அதன்பின் எல்டனுக்குத் திரும்பவில்லை. வீடு 1974இல் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் சேர்ந்தது. 1991இல் அயோவா மாநில வரலாற்றுக் கழகத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டது. கையில் கவையுடன் படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள் அங்கே காணும் சாளரம், ஓவியத்தில் பார்த்ததைவிடச் சற்றுக் குட்டையானது.