அப்பாவின் காரை விற்குமுன் அம்மாவைக் கேட்டீர்களா?

ரொறன்ரோவில் ஒரு தமிழ் வீட்டில் அப்பா கண்மூடினால், அந்தியேட்டி முடிந்த கையோடு பிள்ளைகள் பார்க்கும் முதல் அலுவல்களில் ஒன்று, வாசலில் நிற்கும் காரை விற்பது. அவருடைய உடுப்புகளில் கைவைக்க எவருக்கும் மனம் வராது. வீட்டைப் பற்றிப் பேச இன்னும் காலம் இருக்கிறது. காருக்கு மட்டும் மாதாமாதம் இன்சூரன்ஸ் காசு போய்க்கொண்டிருக்கிறது, பனி தள்ளும் நாளில் அது இடைஞ்சலாக நிற்கிறது, இணையத்தில் ஒரு படம் போட்டால் மாலைக்குள் ஆள் வந்துவிடுகிறது. பதினைந்து இருபது வருடம் ஓடிய கொரோலாவோ சிவிக்கோ சில ஆயிரம் டொலருக்குக் கைமாறிவிடுகிறது.

இந்த அவசரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பழைய காரை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தக் காரில் இருபது வருடம் பக்கத்து இருக்கையில் இருந்து போனவர் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறார். அவருடைய போக்குவரத்துக்கு வழி செய்யாமல் திறப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

மண்ணெண்ணெயில் கார் ஓடியதைக் கண்டவர்கள்

இந்த அப்பாக்கள் காரை ஏன் அப்படிப் பேணினார்கள் என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எளிதில் விளங்காது. 1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கண்ணால் காணக் கிடைக்காத பொருளானது. அப்போது வீதியில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள். சில துளி பெட்ரோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெண் மாப்பிள்ளையும் அதில்தான் போனார்கள், பிரசவத்துக்கும் அதில்தான் போனார்கள். நாற்பது வயதுக் காரும் உழைக்கும் என்பதைக் கண்ணால் கண்ட மனிதர்கள் அவர்கள்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் விமானமேறி வந்த ஆயிரக்கணக்கானோரோடு சேர்ந்து அந்தத் தலைமுறை மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் கால் ஊன்றியது. இரவு வேலை, உணவகத்தில் கோப்பை கழுவுதல், விடியமுன் பேப்பர் போடுதல், பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தல் என்று பல வேலைகள் பஸ் ஓடாத நேரத்தில் இருந்தன. கார் இருந்தால்தான் இரண்டாவது வேலை. இரண்டாவது வேலை இருந்தால்தான் ஊருக்குக் காசு.

அவர்கள் நம்பி வாங்கிய கார்களில் பல இந்த மாகாணத்திலேயே செய்யப்பட்டவை. கேம்பிரிட்ஜில் 1988இலிருந்து கொரோலா செய்தார்கள். ஹொண்டாவின் அலிஸ்ரன் ஆலை 1986இல் தொடங்கியது, சிவிக் அங்கிருந்து வந்தது. வாங்கிய கார் ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோவிலுக்குப் போய், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை முடித்த பிறகுதான் வேலைக்குப் போகும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வீதி உப்பு தகரத்தைத் தின்னாமலிருக்க அடிப்பாகத்துக்கு எண்ணெய் அடிப்பார்கள். ஒயில் மாற்றிய துண்டுகளெல்லாம் திகதி ஒழுங்கில் காருக்குள்ளேயே இருக்கும். இப்படிப் பேணிய காரை வாங்குபவர் கொடுத்துவைத்தவர்தான். ஆனால் என் கவலை வாங்குபவரைப் பற்றியதல்ல.

“எனக்கென்ன, செய்யிறதைச் செய்யுங்கோ”

விற்கலாமா என்று பிள்ளைகள் கேட்காமலில்லை. கேட்கிறார்கள். “எனக்கென்ன, நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ” என்கிறார் அம்மா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் சொல்லும் வார்த்தை அது.

அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் கார் ஓடப் பழகவில்லை. ஒன்ராறியோவில் படிப்படியாக லைசென்ஸ் எடுக்கும் முறை 1994இல் வந்தது. ஜீ1 எழுத்துப் பரீட்சையில் தேறி, பிறகு வீதியில் ஓடிக் காட்டி ஜீ2, அதற்குப் பிறகு முழு லைசென்ஸ். ஐந்து வருடத்துக்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை, பிள்ளைகள், சமையல் என்று அலைந்த பெண்களுக்கு அந்த ஐந்து வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. “நான் இருக்கிறன்தானே, உமக்கு ஏன்?” என்று அப்பாவும் சொல்லியிருப்பார். அன்பால் சொன்னதுதான். அதன் விலையை அவர் போன பிறகு அம்மா கொடுக்கிறார்.

வெள்ளிக்கிழமை கோவில், மீன் வரும் நாளில் தமிழ்க்கடை, இரத்தப் பரிசோதனை, கண் மருத்துவர், சங்கக் கூட்டம், பழைய சிநேகிதியின் வீடு. கார் போன மறுவாரத்திலிருந்து இத்தனைக்கும் அவர் யாரையாவது கேட்க வேண்டும். “எங்கை போகவேணுமெண்டாலும் சொல்லுங்கோ அம்மா” என்று மகன் மனதாரத்தான் சொல்கிறான். ஆனால் அவனுக்குக் கிழமை நாளில் வேலை, சனிக்கிழமை பிள்ளைகளின் நீச்சல், நடன வகுப்பு. இரண்டு தரம் கேட்டு, ஒரு தரம் பிந்திப்போனால், மூன்றாம் தரம் அவர் கேட்கமாட்டார். முதலில் சிநேகிதி வீடு நிற்கும். பிறகு கோவில். மருத்துவரிடம் போகும் பயணம் மட்டும் மிஞ்சும். ஊருக்குள் நாலு எட்டு வைத்தால் நாலு முகம் பார்த்த பெண், நாலு சுவருக்குள் தொலைக்காட்சித் தொடரோடு இருந்துவிடுகிறார்.

பஸ் இருக்கிறதே என்பார்கள். ஸ்காபரோவின் ஆர்.டி. தொடருந்து 1985இலிருந்து ஓடியது. 2023 ஜூலை 24 அன்று ஒரு ரயில் தடம் புரண்ட பிறகு அந்தத் தடம் திரும்ப ஓடவில்லை, பஸ்தான் ஓடுகிறது. அதற்குப் பதிலாக மூன்று நிலையங்களோடு 7.8 கிலோமீற்றர் சுரங்கப் பாதை வந்துகொண்டிருக்கிறது. ஆனால் எழுபது வயதில் முழங்கால் வலியோடு ஜனவரிக் குளிரில் பஸ்சுக்கு நிற்பவருக்கு வரப்போகும் பாதையால் இன்றைக்குப் பயனில்லை. மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் கடினம். வீடு பெரிது, கடை தூரம், நடைபாதையில் பனி.

சட்டம் அவகாசம் தருகிறது

விற்றே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் துரத்தவில்லை. கணவரின் காரை மனைவி தன் பெயருக்கு மாற்றலாம். லைசென்ஸ் இல்லாதவரும் காரின் சொந்தக்காரராக இருக்கலாம். மரணப் பத்திரம், உயில், ஓனர்ஷிப் ஆகியவற்றோடு சர்வீஸ் ஒன்ராறியோ நிலையத்துக்குப் போனால், கணவன் மனைவிக்கிடையிலான மாற்றத்துக்கு சேஃப்டி சான்றிதழ் தேவையில்லை. பரம்பரையாக வருவதற்கு 13 வீத விற்பனை வரியும் இல்லை. உயில் இல்லாவிட்டால் ஒரு வழக்கறிஞரின் உதவி வேண்டும். இந்த மாகாணத்தில் நம்பர் பிளேற் காருக்குரியதல்ல, ஆளுக்குரியது. அதையும் மனைவி தன் பெயருக்கு எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அப்பாவின் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள். அவர் உயிரோடு இருக்கையில் தந்த அற்றோணித் தத்துவம் அவர் மூச்சோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு கையெழுத்திடும் உரிமை உயிலை நிறைவேற்றுபவருக்கே. இன்சூரன்ஸ் கம்பனிக்கும் உடனே அறிவியுங்கள். ஓடாமல் நிற்கும் காருக்கு வீதிக் காப்பை இடைநிறுத்தி, களவு, தீ போன்றவற்றுக்கு மட்டும் காப்பு வைத்திருக்க வழி உண்டு. செலவு வெகுவாகக் குறையும்.

நிற்கும் கார் பழுதாகும், பற்றரி இறங்கும், பிறேக்கில் துரு ஏறும், விலையும் விழும் என்று பிள்ளைகள் சொல்வது உண்மைதான். ஆனால் ஆறு மாதத்தில் விழப்போவது சில நூறு டொலர். பேரன் வாரம் ஒருமுறை அதில் அம்மம்மாவைக் கோவிலுக்குக் கொண்டுபோனால் காரும் ஓடும், அம்மம்மாவும் வெளியே வருவார். ஐம்பத்தைந்து, அறுபது வயதில் தனித்துப்போன அம்மாவாக இருந்தால், அதே காரில் அவரையே பழக்குங்கள். அந்தக் காரின் சத்தமும் அளவும் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

விற்பதென்றால்

அம்மா யோசித்து, மனமறிந்து விற்கச் சொன்னால் முறையாக விற்றுவிடுங்கள். சர்வீஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்குக் கிடைக்கும் பழைய வாகனத் தகவல் கோவையை எடுத்து வாங்குபவரிடம் கொடுங்கள். தனியாருக்கு விற்கும்போது அது கட்டாயம். சேஃப்டி சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லுபடியாகும் என்பதால் ஆள் வந்த பிறகு எடுப்பது நல்லது. கார் போகுமுன் பிளேற்றைக் கழற்றுங்கள். 407 நெடுஞ்சாலையில் வாயிற்சாவடி இல்லை, கமரா பிளேற்றைப் படம் பிடித்துத்தான் கட்டணம் அனுப்புகிறது. கழற்றாத பிளேற்றால் இறந்தவரின் பெயருக்கு பில் வருவது அம்மாவுக்கு எத்தகைய வேதனை!

பெயர் மாற்றாமல் வெறும் கையெழுத்தோடு காரை வாங்கி, வேறொருவருக்கு விற்கும் இடைத்தரகர்களிடம் கொடுக்க வேண்டாம். புதிதாக வந்து வேலைக்குப் போகக் கார் தேடும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தால், அப்பாவின் கார் அப்பா செய்த வேலையையே தொடர்ந்து செய்யும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாளை எடுத்து அம்மாவோடு இருந்து எழுதுங்கள். கோவில், கடை, மருத்துவர், சிநேகிதி வீடு என்று அவர் ஒரு மாதத்தில் போகவேண்டிய இடங்கள் ஒரு பக்கம். எந்த நாளில் யார் கூட்டிப்போவது என்ற பெயர் மறுபக்கம். சிநேகிதி வீட்டுக்கு நேராகவும் ஒரு பெயர் இருக்கவேண்டும். அந்தத் தாள் நிரம்பும்வரை கார் வாசலிலேயே நிற்கட்டும்.