ஆராய்ச்சி மான்யமும் கணினி வேலைகளும்: முதலில் செய்யவேண்டியது எது?

ஏரி மதகு பழுதாகி, வாய்க்கால் தூர்ந்து, களமும் மேடுபள்ளமாய்க் கிடக்கும் ஒரு கிராமத்தில், கைவசமுள்ள பணம் ஒரு வேலைக்கே போதுமானால், அநுபவமுள்ள குடியானவர் எதை முதலில் எடுத்துக்கொள்வார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மதகு சீர்படாமல் வாய்க்காலை வெட்டுவதில் பயனில்லை. தண்ணீர் வராவிடில் களத்துக்கு வேலையுமில்லை. பொதுப் பணத்தைக் கொண்டு ஆராய்ச்சிகளுக்கு மான்யம் வழங்கும் ஸ்தாபனங்கள் தங்கள் அலுவல்களைக் கணினி முறைக்கு மாற்றும்போதும் இதே கேள்வி எழுகின்றது. விண்ணப்பம் பெறுதல், நிபுணர்களின் அபிப்பிராயம் கேட்டல், பணம் அனுப்புதல், கணக்குப் பெறுதல், முடிவுகளைப் பிரசுரித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் மாற்ற ஒரு திட்டம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் நிறைவேற்றப் பணமும் ஆட்களும் இரா.

இது விவசாயிகளுக்குச் சம்பந்தமற்ற விஷயம் என்று எண்ணலாகாது. பல ஆராய்ச்சிகளில் மான்ய உத்தரவு ஒரு மாதம் தாமதித்தால் ஒரு மாதமே நஷ்டம். பயிர் ஆராய்ச்சியிலோ, விதைப்புப் பருவம் கடந்தபின் உத்தரவு வந்தால் ஒரு வருஷமே வீணாகலாம். நோய் தாங்கும் புதிய ரகம் குடியானவர் கைக்கு வந்து சேர்வதும் அவ்வளவு காலம் பிந்தும்.

பளு எங்கே இருக்கிறது?

காரியாலயங்கள் பெரும்பாலும் தங்கள் சிப்பந்திகளின் வேலையையே கணக்கிடுகின்றன. ஆனால் பளுவின் பெரும்பகுதி வெளியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலுக்கு 2012-ம் வருஷத்தில் வந்த 3,727 விண்ணப்பங்களைத் தயாரிக்க விஞ்ஞானிகள் செலவிட்ட காலம், ஏறக்குறைய 550 பேர் ஒரு வருஷம் முழுவதும் செய்யும் வேலைக்குச் சமம் என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் மான்யம் பெற்றவை சுமார் ஐந்தில் ஒரு பங்கே. இத்தகைய நீண்ட படிவத்தைக் குறைக்காமல் அப்படியே கணினியில் ஏற்றுவது, ஓட்டைச் சாலில் தண்ணீர் இறைக்க நல்ல மாடுகளைப் பூட்டுவதை ஒக்கும். முதலில் சாலை அடைக்கவேண்டும்.

அமெரிக்காவின் அநுபவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 1994-ல் ‘பாஸ்ட்லேன்’ என்னும் மின்னணு முறையைத் தொடங்கிற்று. முதலில் சில சர்வகலாசாலைகளுடன் பரீட்சித்து, குறைகளைத் திருத்திய பின்னரே, 2000-ம் வருஷம் அக்டோபர் முதல் விண்ணப்பங்கள் அவ்வழியே வரவேண்டுமென விதித்தது. பின்னர் ‘ரிசர்ச்.கவ்’ என்னும் புதிய முறை ஏற்பட்டு, 2018-ல் எளிய வகை விண்ணப்பங்களை மட்டும் முதலில் ஏற்றது. பழைய முறையில் புதிய விண்ணப்பங்கள் பெறுவது 2023 ஜனவரியில்தான் நின்றது. படிப்படியாக மாற்றியது நன்று. ஆயினும் இரண்டு முறைகளையும் ஒருங்கே வருஷக்கணக்கில் பராமரிப்பது இரட்டைச் செலவு என்பதையும் மறக்கலாகாது.

வரிசைப்படுத்தும் விதம்

ஒவ்வொரு திட்டத்தையும் பின்வரும் கேள்விகளால் சோதிப்பது உத்தமம்.

(1) இதனால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் மிச்சமாகும்? 1929-ல் ஸ்தாபிக்கப்பட்ட நமது இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸில், தன்னைச் சேர்ந்த நிலையங்களும் விவசாய சர்வகலாசாலைகளும் விஞ்ஞான சஞ்சிகைகளைப் பொதுவில் மின்னணு மூலம் படிக்க 2007-ல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியது. ஒரு வேலை, பயன் பெற்றவரோ பலர்.

(2) இது இல்லாமல் வேறு எவை நடவா? ஒரே விஞ்ஞானியின் பெயர் பல விதமாக எழுதப்பட்டிருந்தால் எந்தக் கணக்கும் சரிப்படாது. 2012 முதல் வழங்கிவரும் ‘ஆர்சிட்’ என்னும் 16 இலக்க அடையாள எண் இக்குறைக்காகவே ஏற்பட்டது. பதிவேடு சீர்ப்பட்ட பின்னரே, நிபுணர்களைத் தெரிந்தெடுக்கச் செயற்கை நுண்ணறிவை அமர்த்துவது போன்ற காரியங்களைக் கருதலாம்.

(3) தவறினால் தீங்கு யாருக்கு? விண்ணப்பங்களில் வெளியிடப்படாத கருத்துக்கள் உள்ளன. அவற்றின் பாதுகாப்பு மற்ற வசதிகளுக்கு முந்தியது.

(4) பழைய முறையை நிறுத்தும் தேதி எது? அதைத் தொடக்கத்திலேயே குறிக்கவேண்டும். மின்வசதியும் இணையவசதியும் குறைந்த ஆராய்ச்சிப் பண்ணைகளில் பரீட்சித்துப் பார்க்காமல் அத்தேதியைக் குறிப்பது தகாது.

பார்வைக்கு அழகிய திட்டங்கள் இச்சோதனையில் பின்தள்ளப்படலாம், அதனால் வருந்தவேண்டியதில்லை. எத்தனை கணினிகள் வாங்கப்பட்டன என்பது அளவுகோலன்று. விதைப்புக்கு முன் உத்தரவு பண்ணையை அடைந்ததா என்பதே அளவுகோல். மான்யம் வழங்குவோர் இதை மனத்திற்கொண்டு வேலைகளை வரிசைப்படுத்துவார்களாயின், பொதுப் பணத்தின் பலன் வயலையும் வந்தடையும்.