காரின் அடிவயிற்றைப் பார்த்தீர்களா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு வந்து திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழையை வேங்கிக்கால்வாசிகள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொரு மழை விட்டதும் நாம் என்ன செய்கிறோம்? காரைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று நிறுத்திவிடுகிறோம். மேலேதானே துடைத்தோம்? அடிவயிற்றில் அப்பிய சேற்றை யார் பார்த்தார்கள்?

இரும்போடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. ஈரச் சேறு காயாமல் ஒட்டிக்கிடந்தால் கேட்கவே வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்வந்த வண்டியானால் உப்பும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அசைய மறுக்கின்றன.

அந்த நட்டோடு மல்லுக்கு நிற்காதீர்கள், போல்ட் முறிந்துவிடும். (வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள். பலத்தைக் காட்டுகிறவர் அவர்தானே!) கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை மரைக்குள் இறங்கும்படி விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் முதலில் துளி இறுக்கி, பிறகு தளர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் வழிக்கு வரும். பிரேக் பாகங்களில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

சக்கர நட் கழலாவிட்டால் நடுவழியில் தவிப்போம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறொன்று: வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய். பல வண்டிகளில் அது விரலைவிட மெல்லிய எஃகுக் குழாய். துரு அதை அரித்துவிட்டால் பிரேக் எண்ணெய் கசியும். மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. குழந்தைகளை ஏற்றிச்செல்லும் வண்டி ஆயிற்றே! அடுத்த முறை ஒர்க்ஷாப்பில் விடும்போது, "வண்டியைத் தூக்கி பிரேக் குழாயைக் காட்டுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். துரு அரித்த குழாய்க்குப் பெயின்ட் பூசி மறைக்க விடாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள்.