தண்ணீர் போகும் வழியை முதலில் வரையுங்கள்

படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூமையும் துணி வைக்கும் இடத்தையும் சேர்த்துப் புதுப்பிக்க முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் போவது டைல்ஸ் கடைக்கு. நிறம் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "கமோடை அந்தப் பக்கம் கொண்டுபோக முடியாதுங்க" என்று சொன்னதும் திட்டம் மொத்தமும் ஆட்டம் காண்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். தண்ணீர் எங்கே வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை முதலில் ஒரு தாளில் வரையுங்கள். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கட்டும்.

அடுக்குமாடி வீட்டில் கழிவுக் குழாய்கள் ஒரு டக்ட் வழியாகக் கீழே இறங்குகின்றன. கமோடிலிருந்து போகும் குழாய் 4 அங்குலம். 40 அடி நீளத்துக்கு 1 அடி என்ற அளவிலாவது அதற்குச் சரிவு வேண்டும். அதாவது கமோடை 5 அடி தள்ளி வைத்தால் குழாய் ஒன்றரை அங்குலம் இறங்கியாக வேண்டும். பாத்ரூம் தளத்தையே தாழ்வாகப் போட்டு, குழாய்களைப் பதித்து மேலே நிரப்பியிருக்கும் வீடுகளில் இது முடியும். ஆனால் தரை முழுவதையும் உடைக்க வேண்டும், வாட்டர்ப்ரூஃபிங்கைப் புதிதாகப் போட வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் குழாய்கள் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கு அடியில் தொங்கும். அங்கே அவர் சம்மதமில்லாமல் ஒரு குழாயையும் தொட முடியாது. என் அழுத்தமான ஆலோசனை: கமோடு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வாஷ்பேசினையும் ஷவரையும் நகர்த்துவது அதைவிட எவ்வளவோ எளிது.

கமோடு வாங்கும் முன் இன்னொன்றையும் அளக்க வேண்டும். பழைய கமோடின் கழிவு சுவர் வழியாகப் போகிறதா, தரை வழியாகப் போகிறதா? தரை வழியாக என்றால், டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து அந்தத் துளையின் நடுப்புள்ளி எத்தனை அங்குலத்தில் இருக்கிறது? இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். சுவரில் தொங்கும் கமோடு வேண்டுமானால், ஃப்ளஷ் தொட்டியை மறைக்கும் சட்டத்துக்காக அரை அடி வரை இடம் போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓர் உண்மையான அளவை எடுத்துக்கொள்வோம். 8 அடிக்கு 5 அடி பாத்ரூம். ஐந்தடிப் பக்கத்தில் கதவு, எதிர்ச்சுவரில் வெண்டிலேட்டர். நம் ஊர் ஃப்ளாட்களில் மிகச் சாதாரணமான அளவு இது. ஒரே நீளச் சுவரில் கதவருகே பேசினுக்கு இரண்டரை அடி, நடுவில் கமோடுக்கு இரண்டரை அடி, வெண்டிலேட்டரை ஒட்டிக் குளிக்க 3 அடி. கமோடின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 அங்குலம் கிடைக்கிறது. இதற்குக் குறைந்தால் தோள் இடிக்கும். கமோடு சுவரிலிருந்து 28 அங்குலம் நீண்டாலும் எதிரே 32 அங்குலம் மிஞ்சுகிறது, தாராளம். ஈரம் கடைசி மூன்றடிக்குள் நின்றுவிடுவதால், கை கழுவ வருபவர் நனைந்த தரையில் கால் வைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த 8 அடி டைல்ஸ் ஒட்டிய பிறகு இருக்க வேண்டிய 8 அடி. பூச்சும் டைல்ஸும் ஒவ்வொரு சுவரிலும் ஏறக்குறைய ஓர் அங்குலத்தைத் தின்னும். பழைய டைல்ஸ் மீதே புதியதை ஒட்டினால் இன்னும் குறையும்.

குளிக்கும் இடத்தை ஷவரை மட்டும் மனதில் வைத்து வரைவது நம் வீடுகளுக்குப் பொருந்தாது. பக்கெட்டும் கப்பும் எங்கே? பக்கெட் அடியில் நுழையும் உயரத்தில் ஒரு குழாய் வேண்டும். வடிகால் ட்ராப்பை நிற்கும் காலடியில் வைக்காமல் மூலையில் வைத்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது அதை நோக்கித் தரை சரிய வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடென்றால் சொரசொரப்பான தரை டைல்ஸும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் அவசியம். 16 முதல் 18 அங்குல உயரத்தில் ஒரு கிரானைட் திட்டு இருந்தால் வயதானவர்கள் உட்கார்ந்தே குளிக்கலாம். கைப்பிடி வைக்கப்போகும் சுவரைக் கொத்தனாருக்கு முன்பே காட்டிவிடுங்கள். கண்ணாடித் தடுப்பு அழகுதான். போர் தண்ணீர் வரும் வீட்டில் தினமும் துடைக்காவிட்டால் ஒரே மாதத்தில் உப்புப் படிந்து வெளுத்துவிடும். உப்புத் தண்ணீர் வீட்டில் நான் கண்ணாடியைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டங்குலத் திட்டு போதும்.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். உதவிக்கு வருபவரால் திறக்க முடியாது. கீசருக்கு 16 ஆம்பியர் தனி லைனும், மின்கசிவில் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். சுவிட்ச் வெளியே இருக்கட்டும். வாஸ்து பார்க்கும் வீடு என்றால், கமோடு எந்தத் திசை நோக்க வேண்டும் என்பதைப் பெரியவர்களிடம் வரைபட நிலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். தரையை உடைத்த பிறகு அந்தப் பேச்சு வந்தால் வேலை நின்றுவிடும்.

அடுத்தது துணி வைக்கும் பகுதி. ஹேங்கரின் அகலமே 17, 18 அங்குலம் இருப்பதால் வார்ட்ரோபுக்கு 2 அடி ஆழம் வேண்டும். தள்ளு கதவு என்றால் தண்டவாளத்துக்காக மூன்றங்குலம் கூடும். பாத்ரூமுக்குப் போகும் வழியில் 5 அடி அகல இடம் இருந்தால், ஒரு பக்கம் மட்டும் வார்ட்ரோப் வைத்து 3 அடி நடைபாதை விடுங்கள். இரண்டு பக்கமும் வைக்க ஆசைப்பட்டால் 7 அடி அகலம் வேண்டும்.

மாட்டுவது எவ்வளவு, மடிப்பது எவ்வளவு என்பதை வீட்டில் இருக்கும் துணிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கேட்லாக் படங்களில் எல்லாம் மாட்டித்தான் இருக்கும். பட்டுப்புடவையை மாட்டி வைத்தால் ஜரிகையின் கனமே துணியை இழுக்கும். மடித்து வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவதுதான் முறை. பன்னிரண்டு புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளதை எடுக்கும்போது மொத்தமும் சரியும். தட்டுகளுக்கிடையே 8 முதல் 10 அங்குலம் விட்டு, தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். புடவை கட்டுபவருக்குக் கொசுவம் வைத்துத் திரும்பிப் பார்க்க, முழுநீளக் கண்ணாடி எதிரே நாலடிக்கு நாலடி வெற்றுத் தரை வேண்டும். ட்ரெஸ்ஸிங் பகுதியில் அந்த இடம் கிடைக்காவிட்டால் கண்ணாடியைப் படுக்கையறைப் பக்கம் மாற்றிவிடுவது மேல்.

பாத்ரூமையும் வார்ட்ரோபையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டியதற்கு முக்கியக் காரணம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர். ஷவர் இருக்கும் சுவரின் மறுபக்கத்தில் வார்ட்ரோப் வந்தால், கசியும் ஈரம் பின்பலகையில் ஏறும்; துணியில் பூஞ்சை வாடையடித்த பிறகுதான் நமக்கே தெரியும். பேசின் பகுதிக்குப் பின்னால் வைத்தால் ஆபத்து குறைவு. வேறு இடமே இல்லையென்றால், ஷவர் பக்கச் சுவரில் 7 அடி உயரம் வரை வாட்டர்ப்ரூஃபிங் செய்து, வார்ட்ரோபைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி வைத்து, அடியில் நாலங்குலம் கிரானைட் பீடம் கொடுங்கள். பலகையில், ஈரம் தாங்கும் மெரைன் ப்ளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எம்டிஎஃப் ஈரம் பட்டால் ஊதிவிடும். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாவிட்டால் குளித்த நீராவி நேரே துணிகளுக்குத்தான் வரும்.

வரைபடம் முடிந்ததும் மொட்டை மாடியில் சாக்பீஸால் நிஜ அளவில் கோடு போடுங்கள். கமோடு இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூல், பேசினுக்கு ஒரு நாற்காலி. கதவு திறக்கும் அரைவட்டத்தையும் வரைந்து, வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக நடந்து பார்க்கட்டும். கதவின் அரைவட்டம் வார்ட்ரோப் கதவின் அரைவட்டத்தோடு மோதுவது தாளில் கண்ணுக்குப் படாது, இங்கே உடனே தெரியும்.

வேலை தொடங்கியதும் குழாய்களை மூடும் முன், டேப்பை விரித்து அளவு தெரியும்படி எல்லாச் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் காய்ந்ததும் ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காணவில்லை என்று உறுதியான பிறகே டைல்ஸ் போடச் சொல்லுங்கள். வார்ட்ரோப் செய்யும் ஆசாரி வர வேண்டியது, பாத்ரூம் வேலை முடிந்து நடுச்சுவர் நன்றாக உலர்ந்த பிறகு.