கடல் இல்லாத சேலத்துக்கு ஒரு "கடற்கரை"! தண்ணீர் வற்றினால் தலை காட்டும் நந்தி

சேலத்துக்குக் கடல் கிடையாது. நாமக்கல்லுக்கும் கிடையாது. மணலில் கால் புதைய நடந்து, காற்று வாங்கி, சுண்டல் கொறிக்க வேண்டுமென்றால் ரெயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் லீவு விட்டால் இந்தப் பக்கத்து ஜனங்கள் சும்மா இருப்பதில்லை. சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் மேட்டூர். அங்கே ஒரு "கடல்" இருக்கிறது. அதில் "தீவு" போல நிற்கும் ஒரு நந்தியும் இருக்கிறது. ஆனால் அந்த நந்தி நினைத்த நேரத்தில் தரிசனம் தராது. அணையில் தண்ணீர் குறைந்தால்தான் வெளியே வரும்!

59 சதுர மைல் தண்ணீர்

காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை கட்டும் வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. செலவு ரூ.4 கோடியே 80 லட்சம். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று அழைக்கப்படுகிறது.

அணையின் முழு அளவு 120 அடி. அது நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். சுமார் 59 சதுர மைலுக்குத் தண்ணீர் பரந்து கிடக்கும். கரையில் நின்று பார்த்தால் கடல் மாதிரியேதான் இருக்கும். காற்று அடித்தால் அலையும் வரும்.

வழக்கமாக மேட்டூருக்கு வருகிறவர்கள் அணைப் பூங்காவைச் சுற்றுவார்கள். அணைக்கட்டு முனியப்பனுக்குக் கோழி அறுத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். உபரி நீர் போகும் 16 கண் மதகைப் பார்ப்பார்கள். மீன் வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போவார்கள். அங்கே பரிசல் துறை இருக்கிறது. எதிர்க்கரை தர்மபுரி மாவட்டத்து நாகமரை. இரண்டு கரை ஜனங்களுக்கும் பரிசலும் விசைப்படகும்தான் பஸ்!

கோபுரம் தெரிகிறது!

நீர்மட்டம் 80 அடியை ஒட்டி இறங்கும்போது, நடுத் தண்ணீரில் ஒரு கோபுரத்தின் உச்சி தலை காட்டும். அது பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம். தண்ணீர் இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியின் தலை தெரியும். பிறகு கழுத்து, அப்புறம் முதுகு. மேலும் வற்றிவிட்டால் நந்தி முழுசாகத் தரையில் உட்கார்ந்திருக்கும்.

"நந்தி தெரியுதாமே! ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" என்ற பேச்சு சேலத்தில் கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை பண்ணவாடியில் கூட்டம் அலைமோதும். குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஊரைக் காலி செய்தவர்கள்

இது யாரும் வேடிக்கைக்காகக் கட்டி வைத்த பொருள் அல்ல. அணை வருவதற்கு முன்பு இங்கே ஊர்கள் இருந்தன. வீடு இருந்தது, வயல் இருந்தது, சந்தை இருந்தது. ஒரே ஊரில் கோவில் மணியும் கேட்டது, ஆலய மணியும் கேட்டது.

அணை கட்டியபோது அந்த ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சுகளுடன் மேட்டுப் பக்கம் குடியேறினார்கள். கோபுரமும் நந்தியும் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. 90 வருஷத்துக்கு மேலாகத் தண்ணீரில் மூழ்குவதும் வெயிலில் காய்வதுமாக இருக்கின்றன.

இங்கே கூட்டம், அங்கே கவலை

நந்தி வெளியே வந்தால் பண்ணவாடியில் கொண்டாட்டம். தஞ்சாவூர் பக்கம் திண்டாட்டம்! காரணம் சுலபம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந்தேதி குறுவை சாகுபடிக்குத் திறக்கப்படும். நந்தி முழுசாகத் தெரிகிறது என்றால், திறந்துவிடத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

2023-ல் அணை ஜூன் 12-ல் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த தண்ணீர் கர்நாடகத்திலிருந்து வரவில்லை. அக்டோபரில் நீர்மட்டம் 30 அடியை ஒட்டி இறங்கி, பாசனத்துக்கு விட்ட தண்ணீரும் நிறுத்தப்பட்டது. மறு வருஷம் ஜூன் 12-ல் அணை திறக்கப்படவே இல்லை.

அணைக்குள் வெள்ளரிக்காய்

தண்ணீர் விலகிய இடத்தில் வண்டல் மண். மண் நல்ல மண். கரையோர ஜனங்கள் விடுவார்களா? சோளம், கம்பு, நிலக்கடலை, வெள்ளரி என்று போட்டுவிடுவார்கள். உரச் செலவு குறைவு. ஆனால் சூதாட்டம் மாதிரிதான். அறுவடைக்கு முன் தண்ணீர் வந்தால் அத்தனையும் போச்சு.

2024-ல் அதுதான் நடந்தது. ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த நீர்மட்டம், கர்நாடகத்தில் கொட்டிய மழையால் கிடுகிடுவென்று ஏறியது. ஜூலை மாதக் கடைசியில் அணை 120 அடியை எட்டிவிட்டது. நந்தியும் கோபுரமும் ஒரே மூச்சில் மறைந்தன.

நாமக்கல்காரர்களுக்கு ஜேடர்பாளையம்

நாமக்கல் பக்கத்து ஜனங்களுக்குக் கடற்கரை ஜேடர்பாளையம். காவிரியின் குறுக்கே அங்கே படுகை அணை இருக்கிறது. ராஜவாய்க்கால் பிரிவதும் அங்கேதான். பூங்கா உண்டு, குளியல் உண்டு, மீன் வறுவல் வாசனை தூக்கும்.

இங்கே வரும் தண்ணீரும் மேட்டூர் தண்ணீர்தான். அதனால் குளிக்கப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, "மேட்டூரில் எவ்வளவு திறந்திருக்காங்க?" என்பதைத்தான். மேலே மதகைத் தூக்கினால், கீழே ஆற்றின் வேகம் மாறிவிடும். காலையில் முழங்கால் அளவு இருந்த இடத்தில் சாயங்காலம் ஆள் மூழ்கலாம்.

ஜாக்கிரதை!

பண்ணவாடிக்குப் போகிறவர்களும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் விலகிய தரை மேலே காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே சேறாக இருக்கும். கால் வைத்தால் இழுத்துக்கொள்ளும். கரை ஓரம் ஆழம் இல்லை என்று நம்பி இறங்கக் கூடாது. பழைய பள்ளம், பழைய கட்டிடக் கல் எங்கே இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

பரிசலில் அளவுக்கு மேல் ஏறாதீர்கள். உயிர்காக்கும் சட்டை இல்லாமல் குழந்தைகளை ஏற்றாதீர்கள். நடு ஆற்றில் எழுந்து நின்று படம் எடுக்கவே கூடாது. நந்தியின் மேல் ஏறி உட்காருவதும், பெயரைச் செதுக்குவதும் வேண்டாம். அந்த ஊரை விட்டுப் போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் சுற்று வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் நந்தி தெரியவில்லை, ஒரே தண்ணீர்க்காடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டாம். குழாயில் தண்ணீர் வரும், வயலில் நாற்று நிற்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். கரையில் நின்று காற்று வாங்கிவிட்டு, சூடாக ஒரு மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு சந்தோஷமாக வீடு திரும்பலாம்!