மரமும் பட்டியலும்: கணினி நிரல் கற்கும் பிள்ளைகளுக்காக



கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதங்கள்கூட ஆகாத உங்கள் மகள் விடுமுறைக்கு இல்லம் வருகிறாள். பள்ளியில் கணிதத்தில் சிறந்து விளங்கியவள்தான். எனினும் கணினி நிரல் பாடத்தைப் பற்றிக் கேட்டவுடன் அவள் முகம் வாடிவிடுகிறது. “எனக்கு அது வராது உம்மா, அதற்கென்று தனி மூளை வேண்டும்” என்கிறாள். “படித்தால் எல்லாம் வரும்” என்று நீங்கள் தேற்றுகிறீர்கள். ஆனால் அதை எப்படிப் படிப்பது என்பதுதான் அவளுக்கு விளங்காத செய்தி. வரலாற்றுப் பாடத்தைப் போல் அவள் நிரல்களை மனப்பாடம் செய்து பார்த்திருப்பாள். தேர்வில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டதும் திகைத்து நின்றிருப்பாள்.

இத்தகைய பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் இரண்டு முக்கியமானவை. ஒரு செயல்முறை தன்னையே மீண்டும் அழைத்துக்கொள்வது ஒன்று. இதனை ரிகர்ஷன் என்பர். ஒரு பட்டியலை இருந்த இடத்திலேயே மாற்றுவது மற்றொன்று. இதனை மியூட்டேஷன் என்பர். அண்ணா பல்கலைக்கழகம் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், பொறியியல் மாணவர்களுக்கு முதல் பருவத்திலேயே பைத்தான் மொழியை வைத்தபோது இவ்விரண்டும் அதில் இடம்பெற்றன. அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் தொடக்க நிலை மாணவர்கள் 1985இல் வெளிவந்த ஏபல்சன், சஸ்மன் ஆகியோரின் நூலைக்கொண்டு ஸ்கீம் என்னும் மொழியில் இவற்றைக் கற்றுவந்தனர். 2011 முதல் பைத்தானில் கற்கின்றனர். மொழி மாறினாலும் பயிற்சியின் சாரம் மாறவில்லை. மரங்களையும் பட்டியல்களையும் தாளில் வரைந்து பழக வேண்டும் என்பதே அச்சாரம்.

உங்கள் குடும்பமே ஒரு மரம்

கணினியார் கூறும் மரம் தலைகீழானது. வேர் மேலே, இலைகள் கீழே. அதன் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பெயரும், அதன் கிளைகளின் பட்டியலும் இருக்கும். ஒவ்வொரு கிளையும் தன்னளவில் ஒரு முழு மரமே. கிளையற்ற கணு இலை எனப்படும். வம்சாவளி வரைபடத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

ஒரு பாட்டனாருக்கு மூன்று மக்கள். மூத்த மகனுக்கு 2 பிள்ளைகள், நடு மகளுக்கு 3 பிள்ளைகள், இளைய மகனுக்குப் பிள்ளைகள் இல்லை. குடும்பத்தில் எத்தனை பேர் என்று பாட்டனார் அறிய வேண்டும். அவர் வீடுவீடாகச் சென்று தலைகளை எண்ணத் தேவையில்லை. தம் மக்கள் மூவரிடமும், “உன் கிளையில் உன்னையும் சேர்த்து எத்தனை பேர்?” என்று கேட்டால் போதும். அவர்களும் தத்தம் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்பர். பிள்ளையில்லாதவர் “நான் ஒருவர்தான்” என்பார். மூத்தவர் 3 என்பார், நடுவர் 4 என்பார், இளையவர் 1 என்பார். பாட்டனார் தம்மையும் சேர்த்துக்கொள்ள, 9 என்ற விடை கிடைக்கிறது.

ரிகர்ஷன் என்பது இவ்வளவே. அதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கேள்வி ஓரிடத்தில் நின்றாக வேண்டும். இங்கே இலையிடம் நிற்கிறது. இரண்டாவது, கீழே செல்லும் கேள்வி மேலே கேட்ட அதே கேள்வியாக, ஆனால் சிறிய மரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, வந்த விடைகளைச் சரியாகச் சேர்க்க வேண்டும். கேள்வி நிற்காமல் போனால் பைத்தான் பொறுமை இழந்துவிடும். வழக்கமான அமைப்பில் சுமார் 1000 அழைப்புகள் ஒன்றனுள் ஒன்றாகச் சென்றதும் பிழை கூறி நிறுத்திவிடும்.

மாணவர்கள் செய்யும் பெருந்தவறு யாதெனில், பாட்டனாரின் இடத்தில் நின்றுகொண்டு பேரப்பிள்ளைகள் வரை மனத்தாலேயே இறங்கிச் செல்ல முயல்வதாகும். மூன்றாவது படியில் நினைவு குழம்பிவிடும். மகன் சொல்லும் விடையைத் தந்தை நம்புவதுபோல், சிறிய மரத்தின் விடை சரியாக வரும் என்று நம்பித் தன் படியை மட்டும் எழுதப் பழக வேண்டும். இலைகளை மட்டும் எண்ணுக என்றால் மாறுவது சேர்க்கும் முறை மட்டுமே: இலை 1 என்று சொல்லும், மற்றவர் தம்மைச் சேர்க்காமல் கீழிருந்து வந்தவற்றை மட்டும் கூட்டுவர். விடை 6. இதனைத் தாளில் செய்து பாருங்கள்.

ஒரு தாளா, இரு தாள்களா?

இனிப் பட்டியலுக்கு வருவோம். வீட்டில் திருமணம். அழைக்க வேண்டியோர் பெயர்கள் ஒரே தாளில் எழுதப்பட்டுள்ளன. வாப்பா அதனை ‘என் பட்டியல்’ என்கிறார். உம்மாவும் ‘என் பட்டியல்’ என்கிறார். உம்மா ஒரு பெயரைச் சேர்த்தால் வாப்பாவின் பட்டியலிலும் அது இருக்கும் அன்றோ? தாள் ஒன்று, பெயர்கள்தாம் இரண்டு. நகலெடுத்து ஆளுக்கொன்றாக வைத்திருந்தால் ஒருவர் சேர்த்தது மற்றவர் தாளில் வராது. பைத்தானில் ஒரு பட்டியலுக்கு இரண்டாம் பெயர் சூட்டுவது நகலெடுப்பது ஆகாது. இதனை உணராமையால் விளையும் பிழைகள் மிகப் பல.

வேறு சில பொறிகளும் உண்டு. 1, 2 அடங்கிய பட்டியலில் 3, 4 அடங்கிய பட்டியலை ‘அப்பெண்ட்’ என்ற கட்டளையால் சேர்த்தால், உள்ளே ஒரு பட்டியல் முழுதாகப் போய் அமரும், உறுப்புகள் 3. ‘எக்ஸ்டெண்ட்’ என்ற கட்டளையால் சேர்த்தால் எண்கள் தனித்தனியே சேரும்; உறுப்புகள் 4. மேலும், அப்பெண்ட் பட்டியலை மாற்றுமேயன்றி அதனைத் திருப்பித் தராது. அது தருவதை அதே பெயரில் இட்டு வைப்பவர் தம் பட்டியலையே கைவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்பதை வைத்துக்கொண்டு நிற்பார்.

இன்னொன்று: 2, 4, 6, 7 என்ற பட்டியலைச் சுற்றி வரும்போதே இரட்டை எண்களை நீக்குங்கள். முதலில் 2 நீங்கும். மற்றவை ஓரிடம் முன்னே நகரும். நிரல் இரண்டாம் இடத்தைப் பார்க்கும்போது அங்கே 6 நிற்கும். 4 முதலிடத்திற்கு நகர்ந்து தப்பிவிட்டது. முடிவில் எஞ்சுவன 4, 7. பிழையென்று எந்த அறிவிப்பும் வராது. அதுவே அபாயம்.

இரண்டும் சந்திக்கும் இடம்

மரத்தின் கிளைகளே பட்டியலாக இருப்பதால் இவ்விரு பாடங்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. பாட்டனாரிலிருந்து ஒவ்வோர் இலை வரையிலும் உள்ள வழியை எழுதுக என்பது கேள்வி. நம் குடும்பத்தில் 6 இலைகள். ஆகவே 6 வழிகள். மாணவி ஒரே தாளை மேலிருந்து கீழே கொடுத்தனுப்புகிறாள். ஒவ்வொருவரும் அதில் தம் பெயரைச் சேர்க்கின்றனர். இலை வந்ததும் அதே தாளை விடைத் தொகுப்பில் வைக்கிறாள். முடிவில் 6 விடைகளிலும் 9 பெயர்களும் இருக்கின்றன! ஏனெனில் அவை ஆறும் ஒரே தாள்.

“திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் தம் பெயரை அழித்துவிடட்டும்” என்று அவள் திருத்துகிறாள். இப்போது 6 விடைகளும் வெறுமையாகின்றன. எல்லாரும் அழித்துவிட்டார்கள் அல்லவா? இலையை அடைந்ததும் தாளை நகலெடுத்து வைத்திருக்க வேண்டும். அல்லது தொடக்கத்திலிருந்தே கிளைக்கொரு புதுத் தாள் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கைப் பென்சிலால் வரைந்து விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ரிகர்ஷனும் விளங்கும், மியூட்டேஷனும் விளங்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இன்று கேட்ட மாத்திரத்தில் நிரலை எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆறு விடைகளும் ஏன் ஒன்றாயின என்று கண்டறியத் தெரியாத மாணவர்க்கு, இயந்திரம் தந்த நிரலில் உள்ள பிழையும் தெரியாது. எனவே நிரலை ஓட்டிப் பார்க்குமுன், என்ன விடை வரும் என்று தாளில் எழுதிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். விடை மாறுபட்டால், எந்த வரியில் தம் படமும் கணினியின் செயலும் பிரிந்தன என்று தேடச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு மரம், ஒரு பட்டியல் போதும்.

உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மகளை அருகே அமர்த்தி, “நம் குடும்பத்தின் மரத்தை வரை, எத்தனை பேர் என்று கணினி எப்படி எண்ணும், எனக்குச் சொல்” என்று கேளுங்கள். பிறர்க்கு விளக்கும்போதுதான் தமக்கு விளங்காத இடம் எதுவென்று தெரியவரும். அவ்விடம் தெரிந்துவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் கேட்பதற்குத் தெளிவான ஒரு கேள்வி அவள் கையில் இருக்கும். “எனக்கு வராது” என்ற சொல்லுக்கு இனி அவள் வாயில் இடமிராது.